குறுக்குக் கோடு போட்ட ஏழு

பதினோரு வருஷம் நான் ஒரு பெரிய கம்பெனியின் கழிவுநீரைச் சுத்தம் செய்தேன். திருவனந்தபுரத்தில் பைபாஸ் ஓரமாக நிற்கிற அந்தக் கட்டிடத்துக்கு ஒன்பது மாடி. மேலே இருக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்கள் கழுவிவிடுகிற தண்ணீர் எல்லாம் தரைக்கு அடியில் இரண்டாவது தளத்துக்கு வரும். அங்கே தொட்டிகள், பம்புகள், தொட்டிக்குள் காற்றை ஊதுகிற இரண்டு ப்ளோயர்கள். காற்று போய்க்கொண்டிருந்தால்தான் அழுக்கைத் தின்கிற கிருமி உயிரோடு இருக்கும். கிருமி செத்துவிட்டால் மூன்றாம் நாள் ஒன்பது மாடியும் நாறும். அப்படி நாறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. சுத்தமான தண்ணீர் திரும்ப மேலே ஏறிக் கக்கூஸுக்கும் புல்தரைக்கும் போகும்.

நான் கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்டரின் ஆள். கரமனையில் ஆற்றோரமாக ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எத்தனை தண்ணீர் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது, எந்த ப்ளோயர் ஓடியது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், எண் எழுத அது போதும். ப்ளோயர் ஓடும் சத்தத்தில் யாரும் நின்று பேச முடியாது. எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு அதுவே காரணம். நான்கு பேர் சேர்ந்து நிற்கிற இடத்தில் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அடுத்த ஷிப்டில் என் கூட்டாளி. அவனும் வள்ளியூர்ப் பக்கத்து ஆள்தான். எனக்கு இல்லாத வாயெல்லாம் அவனுக்கு இருந்தது. ஒரே நோட்டில் இரண்டு பேரும் எழுதுவோம். யார் எழுதியது என்று பெயரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், அவன் ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவான். முன்பு அவன் ஒரு செங்கல் சூளையில் இருந்தபோது ஏழு லோடு என்று எழுதியதை யாரோ ஒன்று என்று வாசித்து, ஆறு லோடு இவன் தலையில் விழுந்ததாம். அன்றிலிருந்து அந்தக் கோடு. "கழுத்துல தாலி கட்டின ஏழு, எவனும் கை வைக்க முடியாது" என்பான்.

பல வருஷமாக அந்த நோட்டை யாரும் பார்த்ததில்லை. நிரம்பினால் அலமாரிக்கு மேலே போடுவோம், கரப்பான் தின்னும்.

பிறகு ஒரு வருஷம் மேலே இருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். முப்பது வயது இருக்கும், மலையாளப் பெண். ஷாலால் மூக்கைப் பொத்திக்கொண்டு, லேப்டாப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் மேஜையைத் துடைத்துக் கொடுத்தேன்.

"சேட்டனாணோ இது எழுதுறது?"

தலையை ஆட்டினேன்.

"எல்லா திவசமும், டெய்லி?"

மறுபடியும் ஆட்டினேன்.

"வாய் திறக்கமாட்டீங்களா?" என்று தமிழில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அது சினிமா பார்த்துக் கற்ற தமிழ்.

அவள்தான் எனக்குச் சொன்னாள். பெரிய கம்பெனிகளுக்கு இப்போது ஒரு சட்டம் வந்திருக்கிறது. லாபம் எவ்வளவு என்று மட்டும் சொன்னால் போதாது. எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எவ்வளவு கரண்டு, குப்பை எங்கே போனது, வேலை செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு அடிபட்டது, எத்தனை பேர் புகார் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் வருஷா வருஷம் எழுதி வெளியிட வேண்டும். ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

"கான்ட்ராக்ட் ஆளுகளும் கணக்கில் உண்டு. சேட்டனும் உண்டு" என்றாள்.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தாள். "இனி ஒரு பேஜும் கிழிக்கக் கூடாது, கேட்டோ. தப்பா எழுதினா ஒரு கோடு போட்டு அடிச்சிட்டுப் பக்கத்துல எழுதணும்."

அடுத்த மழைக்காலத்தில் அச்சடித்த புத்தகத்தையே கொண்டுவந்து காட்டினாள். பளபளவென்ற தாள். முதல் பக்கத்தில் ஒரு ஆற்றின் படம், அது எங்கள் ஆறு இல்லை. நடுவில் எங்கேயோ ஒரு கட்டத்தில் நீளமாக ஒரு எண். "இந்த டோட்டல்ல சேட்டன் எழுதினதும் சேர்ந்து கிடக்குது. கண்டோ?"

நான் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். நான் எழுதிய ஒன்று அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த பக்கத்தில் தொழிலாளர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அடிபட்டவர் என்ற இடத்தில் சுழி. வேலை இடத்தைப் பற்றிய புகார் என்ற இடத்திலும் சுழி. அன்று அந்தச் சுழிகளைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாம் நம்பர் ப்ளோயரின் பெல்ட்டுக்கு மேலே ஒரு இரும்பு மூடி உண்டு. அதைப் பிடித்திருந்த போல்ட் இரண்டும் துருப்பிடித்து உடைந்துபோனதால் மூடியைக் கழற்றிச் சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தோம். பெல்ட் அடிக்கடி தளர்ந்து கீச்சென்று கத்தும். ப்ளோயர் நிற்கும்போது பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்து, தளர்வு தெரிந்தால் முறுக்குவோம். மூடி இல்லாதது அதற்கு வசதியாகக்கூட இருந்தது. ஆனால் ப்ளோயர் டைமரில் ஓடுவது. அதன் நேரம் வந்தால் யாரும் சுவிட்ச் போடாமலே கிளம்பும்.

கூட்டாளி சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை சொன்னான். சூப்பர்வைசர் விதுரா ஊர்க்காரர், மலையாளி, பெரிய உடம்பு, கெட்ட மனிதர் இல்லை. "செரியாக்காம், செரியாக்காம்" என்பார், அவ்வளவுதான்.

"மாப்ள, நீயும் ஒரு வார்த்தை சொல்லு" என்றான் கூட்டாளி. "ரெண்டு பேரு சொன்னாத்தான் அந்தாளு காதுல ஏறும். என்னை வாயாடின்னு நெனச்சிட்டாரு."

"சொல்லுதேன்" என்றேன்.

சொல்லவில்லை. ஒரு நாள் சொல்லத்தான் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை நிற்பதற்குக் கூச்சமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன். புத்தகத்தில் புகாருக்கு நேரே போட்டிருந்த சுழியில் பாதி என்னுடையது.

அந்த ஆடியில் ஊரில் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. வரி கொடுத்த குடும்பத்தில் தலைக்கட்டு ஒருவர் நிற்காவிட்டால் ஊர் பேசும். எனக்கு இரண்டு நாள் வேண்டும். சூப்பர்வைசர் லீவு தரமாட்டார் என்று சொல்ல முடியாது. முகத்தைச் சுளித்துவிட்டுத் தந்துவிடுவார். அவர் முன்னால் போய் நின்று கேட்கிற அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அதை நாங்கள் கார்டு மாற்றுவது என்போம். ஊருக்குப் போகிறவன் தன் கேட் கார்டை, அன்று ஓய்வு உள்ள இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுப் போவான். அவன் அந்தக் கார்டில் வந்து அந்த வேலையைப் பார்ப்பான். ரெஜிஸ்டரில் போனவன் வந்ததாகவே இருக்கும். பிறகு இவன் போகும்போது அவன் வருவான். கார்டில் இருக்கிற படம் வெளுத்துப் போயிருக்கும். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே மீசை. கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்காரர் முகத்தைப் பார்ப்பதில்லை, கார்டு பீப் என்று கத்துகிறதா என்றுதான் பார்ப்பார். ஹோட்டலில், கட்டிட வேலையில், துப்புரவில் இருக்கிற எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தப்பு என்றே யாருக்கும் தோன்றவில்லை. வேலை நிற்கவில்லையே.

"வாயத் தொறந்து லீவு கேட்டா வானம் இடிஞ்சா விழுந்துரும்?" என்று கூட்டாளி என்னைக் கேலி செய்தான். "உனக்குப் பேச்சு வர்றதுக்கு அந்த அம்மனுக்கு ஒரு கெடா நேர்ந்துக்கிட்டு வா. கொண்டா கார்டை."

கொடுத்தேன்.

கொடையன்று பகல், மதியக் கொடை தொடங்கவில்லை. மேளக்காரர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். என் போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"அண்ணாச்சி எவிடெயா?"

பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "ஊர்ல."

"ஊர்லயா? அப்போ இவன் இங்கே வந்தது உங்க கார்டுலயாணோ?"

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "என்றெ தெய்வமே" என்றார்.

நடந்தது இதுதான். பத்து மணி ரீடிங்கை எழுதிவிட்டு, காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த பெல்ட்டை அழுத்திப் பார்க்கக் கூட்டாளி கையை வைத்திருக்கிறான். ப்ளோயரின் நேரம் வந்துவிட்டது. வலது கையில் பெருவிரலைத் தவிர நான்கும் போய்விட்டன.

அன்று சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சூப்பர்வைசர் வராந்தாவில் நின்றிருந்தார். அவர்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தவர். சட்டை முழுக்க ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மாற்றுவதற்குக்கூட அவர் போகவில்லை. என்னைப் பார்த்ததும் திட்டவில்லை, ஓரமாக அழைத்துப் போனார்.

"அண்ணாச்சி, கேளுங்க. ரெஜிஸ்டர்ல இன்னைக்கு இவனுக்கு ஆஃப். ஆஃப் நாள்ல எங்கேயோ மரமில்லுல கூலிக்குப் போனான், கை மாட்டிக்கிச்சு. அங்ஙனெயாணு இங்கே எழுதிக் குடுத்தது."

குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார்.

"உள்ளதைப் பறஞ்ஞா கார்டு மாத்தின கதை வெளியே வரும். நிங்ஙள் போகும், நான் போகும், கேட்டுல நின்ன பாவம் செக்யூரிட்டியும் போகும். இப்போ ஒரு கையல்லே போயுள்ளூ? இனி மூணு குடும்பம் போகணுமா? இவனை நான் பாத்துக்கொள்ளாம். ஒரு லைட் ஜோலி வாங்கிக் குடுக்காம்."

ஒரு கை மட்டும்தானே போயிருக்கிறது என்று அவர் சொன்னது எனக்கு நியாயமாகக்கூடப் பட்டது. அதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் சொன்னதைவிட, நான் தலையாட்டியதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். இரண்டாம் நம்பர் ப்ளோயருக்கு மூடி போட்டிருந்தது. புதிய போல்ட் இரண்டு. மூடிக்கு மஞ்சள் பெயின்ட்கூட அடித்திருந்தார்கள். கால் மணி நேர வேலை.

சூப்பர்வைசர் நோட்டைத் திறந்து வைத்தார். அந்த நாளின் பக்கத்தில் என் பெயர் மேலே இருந்தது. எட்டு மணி, பத்து மணி, இந்த இரண்டு வரியும் கூட்டாளி எழுதியது. அதற்குக் கீழே காலி. வழக்கமாகப் பதிலுக்கு வருகிறவன் ரீடிங்கைத் துண்டுத் தாளில் குறித்து வைப்பான், கார்டுக்கு உரியவன் வந்து நோட்டில் எழுதுவான். அன்று ஏனோ அவன் நேராக நோட்டிலேயே எழுதிவிட்டான். எண் போட்ட பக்கம், கிழிக்க முடியாது.

"பாக்கியைப் பூரிப்பிக்குங்க" என்று மீதியை நிரப்பச் சொன்னார் சூப்பர்வைசர்.

பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி. நான் பார்க்காத மீட்டரின் ரீடிங்கை மறுநாள் ரீடிங்கிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். மேலே இரண்டு வரியில் மூன்று ஏழுகள், மூன்றுக்கும் குறுக்குக் கோடு. கீழே என் ஏழுகள், கோடில்லாமல். அவன் வலது கையால் எழுதியதில் கடைசி, அந்த இரண்டு வரி.

லைட் ஜோலி எதுவும் வரவில்லை. சூப்பர்வைசர் கேட்டுப் பார்த்ததாகத்தான் சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவைக் கொஞ்சம் தன் கையிலிருந்து கொடுத்தார், பிறகு அதுவும் நின்றது. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவனுக்குத் தொழிலாளர் இன்சூரன்ஸில் மாதாமாதம் உதவி உண்டு. ஆனால் விபத்து வேலை செய்யும் இடத்தில்தான் நடந்தது என்று முதலாளி எழுதித் தர வேண்டும். முதலாளியின் ரெஜிஸ்டரில் அவன் அன்று வரவே இல்லை.

அவன் மனைவி ஒரு நாள் கரமனையில் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அவுகளும் உங்களை ஒண்ணும் சொல்லல. ஆனா இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கேக்காங்க, 'மரமில்லுன்னு எழுதியிருக்கே, எந்த மில்லு'ன்னு. நான் எந்த மில்லுன்னு சொல்லட்டும்?"

அவள் வாசலில் கிடந்த என் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

கூட்டாளிக்கு ஆரியசாலையில் ஒரு மிளகாய் வத்தல் மொத்தக் கடையில் இடம் கிடைத்தது. முதலாளி எங்கள் பக்கத்துக்காரர். வருகிற மூட்டையை எண்ணி இடது கையால் சுவரில் கோடு இழுப்பது வேலை. நான் வாரம் ஒரு தடவை போவேன். கடை வாசலில் வத்தல் நெடியில் இரண்டு பேரும் இருமிக்கொண்டு டீ குடிப்போம். நடந்ததைப் பற்றி அவன் பேசுவதில்லை. எனக்கும் எடுக்கத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் சித்திரையில் கணக்கு எடுக்கிற நேரம் வந்தது. இந்தத் தடவை கம்பெனி எழுதுவது உண்மையா என்று வெளியாட்கள் வந்து சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் இறுகியிருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் கீழே வந்தார். இங்கிலீஷ்தான் பேசினார், மேல்மாடிப் பெண் மொழிபெயர்த்தாள். சூப்பர்வைசர் பின்னால் நின்றார்.

அவர் மீட்டரைப் படம் எடுத்தார். நோட்டைப் புரட்டி, ஒவ்வொரு மாதத்திலும் ஒரு நாளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல எடுத்தார். ஆடி மாதத்தில் அவர் விரல் அந்தப் பக்கத்தில் போய் நின்றது. எனக்கு ப்ளோயர் சத்தம் கேட்காமல் போய்விட்டது.

முந்திய நாளின் கடைசி ரீடிங்கையும் எட்டு மணி ரீடிங்கையும் ஒப்பிட்டார். பத்து மணி. பன்னிரண்டு. எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சரியாக ஏறியிருந்தது. பச்சைப் பேனாவால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக் போட்டார். ஒரு டிக் குறுக்குக் கோடு போட்ட ஏழின் மேலேயே விழுந்தது.

"நோட்டு ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கன்னு சொல்றாரு" என்றாள் அந்தப் பெண்.

பிறகு அவர் இரண்டு கேள்வி கேட்டார். இந்த வருஷத்தில் இங்கே யாருக்காவது அடிபட்டதா? வேலை இடத்தைப் பற்றி ஏதாவது புகார் உண்டா? அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார். கம்பெனிக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் இதைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரியசாலைக்குப் போனேன். கடை அடைத்திருந்தது, கூட்டாளி படியில் உட்கார்ந்திருந்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நீ எழுதின ரெண்டு வரியையும் பாத்தாரு. டிக் போட்டாரு."

"நம்பரு சரியா இருக்காமா?"

"சரியா இருக்காம்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். நெடி ஏறிக் கண்ணில் நீர் வந்தது. இடது கையால் துடைத்துக்கொண்டான்.

"அப்ப நான் எழுதினது கணக்குல சேந்துட்டு. எழுதின கைதான் சேரல."

"ஏல, நான்..."

"விரல் போனது போவட்டும் மாப்ள. இன்சூரன்ஸு வந்தா வருது, வராட்டிப் போவுது. அது எங்க போச்சுன்னு எங்கயாவது ஒரு எடத்துல எழுதட்டும். மரமில்லுன்னுல்லா எழுதி வச்சிருக்கானுவ. நான் வாழ்க்கையில ஒரு மரத்தை அறுத்திருப்பேனா?"

அவன் குரலில் கோபம் இல்லை. அவன் கோபப்பட்டிருந்தால் நான் அடுத்த நாள் போயிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பத்து மணி ரீடிங்கை எடுத்துவிட்டு, ஆடி மாத நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சரக்கு லிப்டில் ஆறாவது மாடிக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் தரைக்கு மேலே அந்தக் கட்டிடத்தின் உட்புறத்தை நான் பார்த்தது அப்போதுதான். எல்லா ஜன்னலிலும் வெயில். என் சட்டை நாற்றம் எனக்கே தெரிந்தது. அந்தப் பெண்ணின் மேஜை முன்னால் நின்றேன். நோட்டைத் திறந்து, கோடு போட்ட ஏழின் மேலே விரலை வைத்தேன். பிறகு கீழே, என் ஏழின் மேலே வைத்தேன்.

அவள் இரண்டையும் பார்த்தாள். மேலே இருந்த பெயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது சேட்டனோட எழுத்து இல்லையே."

"இல்ல."

"பின்னே ஆருடெ?"

அப்புறம் சொன்னேன். கொடை, கார்டு, பெல்ட், மூடி, ஆஸ்பத்திரி. இடையில் யாரோ வந்து அவளிடம் ஏதோ கேட்டார்கள், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். முடித்ததும், "இதை எழுதித் தருமோ? தமிழ்ல எழுதினா மதி" என்றாள். ஒரு தாளை நகர்த்தியவள் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "எழுதினா சேட்டனுக்குப் பிரச்சினை வரும். அது தெரியுமோ?"

"தெரியும்."

ஒரு பக்கம் எழுதினேன். அடித்து எழுதிய இடங்களில் ஒரு கோடு மட்டும் போட்டு அடித்தேன், அவள் கற்றுக்கொடுத்தபடி.

பத்து நாள் கழித்து ஒன்பதாவது மாடியில் விசாரணை. நீளமான மேஜை, மூன்று பேர், நடுவில் பிஸ்கட் தட்டு. விரலைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. மீதி எல்லாம் கார்டைப் பற்றி. நீங்கள் அன்று இங்கே இல்லை என்பதற்கு என்ன சாட்சி என்றார் ஒருவர். என் பர்ஸில் கோயில் வரி ரசீது இருந்தது. கொடையன்று கணக்குப்பிள்ளை என் பெயரும் தேதியும் போட்டு, என்னை நேரில் வைத்தே எழுதிக் கொடுத்தது. எடுத்து வைத்தேன். கூட்டாளிக்கு அது உதவும் என்று நினைத்துத்தான் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ நீங்க உங்க கார்டை வேற ஒருத்தருக்குக் குடுத்தது உறுதியாச்சு" என்றார்.

மூன்று பேருக்கு வேலை போனது. எனக்கு, சூப்பர்வைசருக்கு, கேட்டில் நின்ற செக்யூரிட்டிக்காரருக்கு. செக்யூரிட்டிக்காரருக்கு எதற்காக என்று கடைசிவரை சரியாகப் புரிந்ததா தெரியவில்லை. அவர் முகத்தை நான் அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன். சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போகும்போது சொன்னார்:

"பதினொண்ணு வருஷம் வாய் திறக்காத ஆளாணு. ஒரு போல்ட் வேணும்னு அன்னைக்குத் திறந்திருந்தா போதுமாயிருந்நு அண்ணாச்சி."

அவரிடம் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டாயிற்று என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சொன்னதும் பொய் இல்லை.

மேல்மாடிப் பெண் பஸ் ஸ்டாப் வரை வந்து ஒரு கவர் கொடுத்தாள். உள்ளே அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ். "இது நான் குடுத்ததுன்னு ஆருட்டயும் பறயண்டா" என்றாள். இதை இங்கே எழுதுகிறேன், ஆனால் அவள் யார் என்று சொல்லவில்லை.

ஜெராக்ஸையும் ரசீதையும் என் வாக்குமூலத்தையும் சேர்த்து இன்சூரன்ஸ் ஆபீஸில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். சம்பவம் நடந்தபோது நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் நீங்கள் சாட்சி ஆகமாட்டீர்களே என்றார் குமாஸ்தா, தன்மையாகத்தான். நான் அங்கே இல்லை என்பது ஒன்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. மனு இன்னும் அங்கே கிடக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்கிறார்கள், போகிறோம்.

மழை தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். நான் கரமனையில் ஒரு லாட்ஜில் தண்ணீர் மோட்டார் பார்க்கிற வேலையில் இருந்தேன். அந்தப் பெண் போன் செய்தாள்.

"சேட்டா, புக் வந்நு."

"எழுதியிருக்கா?"

அவள் பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு வாசித்தாள். தண்ணீர், ஒரு நீளமான எண். அடிபட்ட தொழிலாளர், சுழி.

"நான் பறஞ்ஞதாணு, சேட்டா. எல்லாரோடும் பறஞ்ஞு. அன்னைக்கு ரெஜிஸ்டர்ல வந்த ஆள் சேட்டன். சேட்டனுக்கு அடிபடல. அடிபட்ட ஆள் ரெஜிஸ்டர்ல இல்ல. அப்போ சுழிதான்னு பறயுந்நு."

"ம்."

"புகார்ன்னு ஒரு கட்டம் உண்டல்லோ. அதில் ஒண்ணு இருக்கு. வந்தது ஒண்ணு, தீர்த்தது ஒண்ணு, பாக்கி சுழி. சேட்டன் எழுதின அந்தப் பேப்பர்தான் அது."

சாயங்காலம் ஆரியசாலைக்கு நடந்தே போனேன். லாரி வந்திருந்தது. கூட்டாளி சுவரில் கரித்துண்டால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். இடது கைக் கோடுகள் இப்போது கொஞ்சம் நேராக வருகின்றன. நான் சொன்னதை அவன் கோடு இழுப்பதை நிறுத்தாமல் கேட்டான்.

"ஆக, தண்ணில நான் இருக்கேன். அடிபட்டதுல இல்ல."

"ஆமா."

"புகாருல ஒண்ணு."

"ஆமா. தீத்தாச்சுன்னு போட்டிருக்கு."

ஒரு மூட்டை போனது, ஒரு கோடு. இன்னொரு மூட்டை, இன்னொரு கோடு.

"அந்த ஒண்ணு யாரு மாப்ள? நீயா, நானா?"

எனக்குத் தெரியவில்லை. எழுதியது நான், அடிபட்டது அவன். பெயர் என் பெயர்தான், அன்றைக்குப் போலவே. சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து கடைக்காரர், எத்தனை ஆச்சு என்று சத்தம் போட்டார். அவன் சுவர்ப்பக்கம் திரும்பி, கோடுகளை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.